புது வீட்டு வயரிங்: எந்த இடத்துக்கு எந்த வயர், எந்த எம்.சி.பி.

"வீட்டு வயரிங்குக்கு நல்ல வயராகக் கொடுங்கள்" என்று கடையில் கேட்டால் ஒரு பிராண்டின் பெயர்தான் பதிலாக வரும். பிராண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூன்று எண்கள் தெரிய வேண்டும்: அந்த லைனில் ஓடப்போகும் ஆம்பியர், அந்த லைனுக்கு மாட்டப்போகும் எம்.சி.பி.யின் (ஆம்பியர் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆம்பியர், வயர் தாங்கும் ஆம்பியர். இந்த மூன்றும் இதே வரிசையில் ஏறிக்கொண்டே போக வேண்டும். சுமையைவிட எம்.சி.பி. பெரிதாக இருக்கும், எம்.சி.பி.யைவிட வயர் பெரிதாக இருக்கும்.

எம்.சி.பி. ஏ.சி.யையும் கீசரையும் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது சுவருக்குள் புதைந்திருக்கும் வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி 32 ஆம்பியர் மாட்டினால் விழுவது நின்றுவிடும். ஆனால் அன்று முதல் ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையைச் சுவருக்குள் இருக்கும் வயரே செய்யும், உருகிக்கொண்டு.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் கட்டப்படும் இரண்டு படுக்கையறை வீட்டின் கன்சீல்டு வயரிங்கை மனதில் வைத்து எழுதியது. வேலையைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற வயர்மேன். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, எதைக் கேட்டு வாங்குவது, எந்தக் கட்டத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்துவைத்திருப்பது.

முதல் படி: சுமைக் கணக்கு

வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், 3000 வாட் கீசர் 13 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். தண்ணீரைச் சூடாக்கும் வாஷிங் மெஷினும் ஏறத்தாழ அதே அளவு. ஒன்றரை டன் ஏ.சி. 1500 முதல் 1800 வாட், அதாவது 7 முதல் 8 ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், மிக்ஸி 750 வாட். ஒரு ஹெச்.பி. மோட்டாரை 746 வாட் என்று கணக்கிடக் கூடாது. அது மோட்டார் வெளியே தரும் திறன். லைனிலிருந்து அது ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு.

இரண்டு கீசர், இரண்டு ஏ.சி., இண்டக்‌ஷன், வாஷிங் மெஷின், மோட்டார், அயர்ன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் கூட்டினால் 15 கிலோவாட்டை எட்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. ஆனால் காலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள்: இரண்டு கீசர் 4000, மோட்டார் 1100, இண்டக்‌ஷன் 2000, அயர்ன் 1000, மிக்ஸி 750. மொத்தம் 8850 வாட், 38 ஆம்பியருக்கு மேல். ஒற்றை முனையில் 40 ஆம்பியர் மெயின் போட்டாலும் விளிம்பில்தான் நிற்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு மும்முனை இணைப்பு கேட்டு விண்ணப்பிப்பதே சரி. வயரிங் முடிந்த பிறகு மும்முனைக்கு மாறுவதென்றால் டி.பி. பாக்ஸிலிருந்து (எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கும் பெட்டி) எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

இரண்டாம் படி: வயரின் அளவு

வயரின் அளவு என்பது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். பேச்சு வழக்கில் ஒன்றரை ஸ்கொயர், ரெண்டரை ஸ்கொயர், நாலு ஸ்கொயர். பைப்புக்குள் இரண்டு வயர் போகும் நிலையில் செம்பு வயர் தாங்கும் ஆம்பியர் ஏறத்தாழ இப்படி (பிராண்டுக்கு பிராண்டு ஓரிரு ஆம்பியர் மாறும்):

1 ஸ்கொயர்: 11 ஆம்பியர்
1.5 ஸ்கொயர்: 14 ஆம்பியர்
2.5 ஸ்கொயர்: 19 ஆம்பியர்
4 ஸ்கொயர்: 26 ஆம்பியர்
6 ஸ்கொயர்: 31 ஆம்பியர்
10 ஸ்கொயர்: 42 ஆம்பியர்

பெட்டியின் மேல் இதைவிடப் பெரிய எண் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் திறந்த காற்றில் தொங்கும் வயருக்கானது. சுவருக்குள் போகும் வயருக்கு அது பொருந்தாது.

ஒரே பைப்பில் இரண்டு லைன்கள் போனால் இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கும். மேலே உள்ள எண்களில் 80 சதவீதம்தான் கிடைக்கும். மூன்று லைன் என்றால் 70 சதவீதம். ஒரே பைப்பில் இரண்டு லைன் போனாலே ரெண்டரை ஸ்கொயரின் 19 ஆம்பியர் 15 ஆகிவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் காக்காது. இரண்டு குளியலறைக் கீசருக்கும் ஒரே பைப்பில் ரெண்டரை ஸ்கொயர் இழுப்பது பரவலாக நடக்கிறது. தனித்தனிப் பைப் போடுங்கள், அல்லது நாலு ஸ்கொயருக்குப் போங்கள். மே மாத வெயிலில் மொட்டைமாடி ஸ்லாபுக்குள் இருக்கும் பைப்பின் சூட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண பி.வி.சி. வயரின் செம்பு 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடாகக் கூடாது.

பழைய வயர்மேன்கள் இன்னும் கேஜ் கணக்கில் பேசுவார்கள். "ஏழு இருபது" என்றால் 20 கேஜ் கம்பி ஏழு, பரப்பு 4.6 சதுர மி.மீ. "மூணு இருபது" 1.97. "ஏழு இருபத்திரண்டு" 2.78. "ஒண்ணு பதினெட்டு" என்பது ஒற்றைக் கம்பி, 1.17. மூணு இருபதுக்குப் பதில் ஒன்றரை ஸ்கொயர் போட்டால் அளவு குறைந்துவிட்டது என்று பொருள். பழைய வீட்டில் வயர் மாற்றும்போது இது கவனத்தில் இருக்கட்டும்.

ஒரு ஸ்கொயர் வயரைப் புது வீட்டுக்கு வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எல்.இ.டி. விளக்குக்கு அது போதும்தான். ஆனால் அதே ஸ்விட்ச் போர்டில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நாளை யார் எதைச் சொருகுவார்கள் என்று தெரியாது. மிச்சமாகும் காசும் பெரிதில்லை.

மூன்றாம் படி: நீளத்தைச் சரிபார்ப்பது

வீட்டுக்குள் பத்து, பதினைந்து மீட்டர் ஓட்டத்துக்கு வோல்டேஜ் இழப்பு தொந்தரவு தராது. போர்வெல் மோட்டாரில்தான் அடி விழும். ஒன்றரை ஸ்கொயர் வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம், ரெண்டரைக்கு 7.98, நாலுக்கு 4.95. கேபிள் நீளம் 60 மீட்டர், மோட்டார் 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்புவதால் 120 மீட்டர். ஒன்றரை ஸ்கொயரில் 120 × 0.0133 × 8 = 12.8 வோல்ட் போய்விடும். ரெண்டரையில் 7.7 வோல்ட். விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் வரை இழப்பை ஏற்கலாம். 230இல் 5 சதவீதம் 11.5 வோல்ட். ஒன்றரை இங்கே தேறாது. அதுவும் இது ஓடும்போது உள்ள கணக்கு. கிளம்பும் நொடியில் ஆம்பியர் மூன்று, நான்கு மடங்காகும்போது இழப்பும் அத்தனை மடங்காகும். கோடையில் லைன் வோல்டேஜ் ஏற்கெனவே 200க்கு இறங்கியிருந்தால் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். கப்பாசிட்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: மேலுறை

செம்பு ஒன்றுதான், மேல் உறையில்தான் வகைகள். சாதாரண பி.வி.சி., அடுத்து எஃப்.ஆர்., அதற்கு மேல் எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச்., அதற்கும் மேல் ஹெச்.எஃப்.எஃப்.ஆர்.

எஃப்.ஆர். என்றால் தீ பிடித்தாலும் தானாகப் பரவாது. அதன் உறை எரிய, காற்றில் குறைந்தது 29 சதவீத ஆக்சிஜன் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 சதவீதம். தீயின் மூலம் அகன்றதும் அணைந்துவிடும். ஆனால் எரியும்வரை அடர்ந்த கரும்புகையும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் வெளிவரும். தீ விபத்துகளில் பலரை வீழ்த்துவது புகைதான். எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். வகையில் புகையும் அமில வாயுவும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ஹெச்.எஃப்.எஃப்.ஆரில் குளோரினே கிடையாது. புகை மெல்லியதாக, வெளிறி இருக்கும்.

தனி வீட்டுக்கு எஃப்.ஆர். குறைந்தபட்சம். மாடிப்படி ஒன்றே வெளியேறும் வழியாக உள்ள அடுக்ககத்துக்கு எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். அல்லது ஹெச்.எஃப்.எஃப்.ஆர். போடுவது நல்லது. எந்த உறையாக இருந்தாலும் செம்பு தாங்கும் ஆம்பியரைக் கூட்டிப் போட அதை ஒரு காரணமாக்க வேண்டாம். "எஃப்.ஆர். வயர் சார், ரெண்டரையே ஏ.சி.க்குத் தாராளம்" என்று யாராவது சொன்னால், அவர் தீயையும் சுமையையும் குழப்பிக்கொள்கிறார்.

வீட்டைச் சுற்றி வரும் மற்ற கேபிள்கள்

மீட்டரிலிருந்து வீடு தள்ளி இருந்தால் மண்ணுக்குள் போக ஆர்மர்டு கேபிள் வேண்டும். உள்ளே பெரும்பாலும் அலுமினியம், வெளியே இரும்புக் கவசம். கவசத்தின் இரண்டு முனையிலும் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பூண்) போட்டு எர்த்துடன் இணைக்க வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கிவிடக் கூடாது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது; ஈரம் பட்டால் செம்போடு ஒட்டிய அலுமினியம் அரித்துப்போகும். செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

போர்வெல்லுக்கு மூன்று கோர் (உள்ளே மூன்று வயர் உள்ள) தட்டைக் கேபிள். ஏ.சி. வெளி யூனிட்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் மேலுறையுள்ள மூன்று கோர் வட்டக் கேபிள். முறுக்கிய டூ கோர் வயரைச் சுவருக்குள் புதைக்கவே கூடாது. அதன் உறை மெல்லியது, எர்த்தும் கிடையாது. இன்டர்நெட்டுக்கான கேட் 6, டி.வி.க்கான கோஆக்சியல் இரண்டும் தனிப் பைப்பில் போகட்டும். சோலார் பேனலிலிருந்து இறங்குவது டி.சி. (நேர்மின்னோட்டம்); அதற்கென்று வரும் வெயில் தாங்கும் கேபிள்தான் போட வேண்டும். மிச்சமிருந்த வீட்டு வயரைக் கொண்டு சமாளித்தால் வெயிலில் உறை வெடித்துவிடும்.

ஐந்தாம் படி: கடையில் சோதிப்பது

காயில் 90 மீட்டர் இருக்கும். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். வயரின் மேலேயும் அளவும் பிராண்டும் தொடர்ந்து அச்சாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் போலியாகவும் அச்சிடலாம். செம்பைப் போலி செய்வது கடினம்.

ஒரு மீட்டர் வெட்டி, உறையை உரித்துவிட்டுச் செம்பை மட்டும் சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். ஒன்றரை ஸ்கொயர் என்றால் 13 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ரெண்டரை 22 கிராம், நாலு 36 கிராம் அருகில். ரெண்டரை என்று விற்றது 18 கிராம் காட்டினால் அது ரெண்டு ஸ்கொயர். இழைகளை எண்ணியும் பார்க்கலாம்: 0.3 மி.மீ. இழை கொண்ட ஒன்றரையில் 22, ரெண்டரையில் 36, நாலில் 56. எண்ணிக்கை சரியாக இருந்து எடை குறைந்தால் இழையை மெலிதாக இழுத்திருக்கிறார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

நல்ல மல்டிமீட்டர் இருந்தால் முழுக் காயிலின் இரு முனைகளையும் அளக்கலாம். ஒன்றரை ஸ்கொயர் 90 மீட்டர் 1.2 ஓம் அருகில் இருக்கும், ரெண்டரை 0.72. நம் ஊர் வெயிலுக்கு 5 சதவீதம் கூடலாம். மீட்டரின் சொந்த வயர்கள் காட்டும் ஓமை முதலில் கழித்துவிடுங்கள்.

நிறம்: பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரலுக்குக் கறுப்பு. எர்த்துக்குப் பச்சை. கறுப்பு தீர்ந்துவிட்டது என்று பச்சையில் நியூட்ரல் இழுத்த வீட்டில் பத்து வருடம் கழித்து வேலை பார்க்க வருபவருக்கு அது கண்ணி.

எத்தனை காயில் என்பதை ஓட்டத்தை அளந்துதான் சொல்ல முடியும். டி.பி. பாக்ஸிலிருந்து மேலே 1.2 மீட்டர், ஸ்லாபில் 7 மீட்டர், இறக்கம் 1.8 மீட்டர், டி.பி. முனையில் 60 செ.மீ., ஸ்விட்ச் பாக்ஸில் 20 செ.மீ. என்றால் ஒரு வயருக்கு 10.8 மீட்டர். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 32 மீட்டர் சொச்சம். எல்லா லைனுக்கும் இப்படிக் கூட்டி 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: லைன் பிரிப்பது

விளக்கு, ஃபேன், 6 ஆம்பியர் சாக்கெட் சேர்ந்த ஒரு லைனில் பத்து பாயிண்டுக்கு மேல் வேண்டாம், 800 வாட்டுக்கு மேலும் வேண்டாம் என்பது தேசிய மின்சட்டத் தொகுப்பின் வழிகாட்டல். இதற்கு ஒன்றரை ஸ்கொயர், 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. ஹாலையும் படுக்கையறைகளையும் குறைந்தது இரண்டு லைனாகப் பிரித்தால், ஒன்று விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது.

16 ஆம்பியர் சாக்கெட்டுகள் ஒரு லைனில் இரண்டுக்கு மேல் கூடாது. சமையலறைக்கு இரண்டு லைன், நாலு ஸ்கொயர், 20 ஆம்பியர். இண்டக்‌ஷனும் ஓவனும் வெவ்வேறு லைனில் இருக்கட்டும். ஒவ்வொரு கீசருக்கும் தனி லைன், 16 ஆம்பியர் எம்.சி.பி.; பைப் தனியாக இருந்தால் ரெண்டரை போதும். ஒவ்வொரு ஏ.சி.க்கும் நாலு ஸ்கொயர், 20 ஆம்பியர், சி வகை. வாஷிங் மெஷினுக்கு ரெண்டரை, 16. மோட்டாருக்கு ரெண்டரை, 16, சி வகை. ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன் கொடுத்தால் நல்லது; ஊருக்குப் போயிருக்கும்போது பால்கனி விளக்குக் கோளாறால் ஃப்ரிட்ஜ் அணைந்துவிடக் கூடாது.

பி வகை எம்.சி.பி. தன் ஆம்பியரைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டாரும் கம்ப்ரஸரும் கிளம்பும்போது இழுக்கும் திடீர் ஆம்பியரை சி வகை பொறுத்துக்கொள்ளும். விளக்குக்கும் கீசருக்கும் பி வகை போதும்.

மும்முனையில் இரண்டு கீசரும் ஒரே பேஸில் வராமல், இரண்டு ஏ.சி.யும் ஒரே பேஸில் வராமல் பங்கிடச் சொல்லுங்கள். இந்தப் பங்கீட்டை ஒரு தாளில் எழுதி டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

ஏழாம் படி: பைப்

ஸ்லாப் கான்கிரீட் போடும் முன்பே பைப் வேலை தொடங்கிவிடும். ஸ்லாபுக்குள் 25 மி.மீ. கனமான பைப், சுவரில் விளக்கு இறக்கங்களுக்கு 20 மி.மீ. போதும். 20 மி.மீ. பைப்பில் ஒன்றரை வயர் ஐந்துக்கு மேல் திணிக்காதீர்கள். வளைவு இருந்தால் நான்கு. 25 மி.மீ.யில் பத்து, வளைவு இருந்தால் எட்டு. அதற்கு மேலும் உள்ளே நுழையும்தான். ஆனால் இழுக்கும்போது உறை உரியும், பிறகு ஒரு வயரை மட்டும் மாற்ற முடியாது.

வளைவுக்கு எல்போவைவிட ஸ்பிரிங் விட்டு வளைப்பது மேல். இணைப்புகளில் சொல்யூஷன் தடவ வேண்டும். கான்கிரீட் பால் உள்ளே இறங்கி இறுகிவிட்டால் அந்தப் பைப் செத்த பைப். எனவே எல்லா வாயையும் அடைத்து, ஃபேன் பாக்ஸைக் கம்பியோடு கட்டி, கான்கிரீட் ஊற்றும் அன்று வயர்மேன் ஒருவர் மேலேயே நிற்க வேண்டும். வைப்ரேட்டர் பட்டுப் பைப் விலகுவது அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான்.

சுவரில் காடி எடுப்பது கட்டரால் இரண்டு கோடு போட்ட பிறகு. உளியால் நேரடியாக அடித்தால் செங்கல் தளரும். நாலரை இஞ்ச் சுவரில் நீளவாட்டில் படுக்கைக் காடி வேண்டாம். மேலிருந்து கீழாகத்தான் எடுக்க வேண்டும். பைப்புக்கு மேல் பூச்சு ஓரளவு கனமாக நிற்கும்படி ஆழம் இருக்கட்டும். பூசும் முன் கோழிவலை அடித்தால் பிறகு பைப் போன தடத்தில் விரிசல் வராது.

பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள், ஒரு டேப்பை விரித்து வைத்து. நாளைக்கு டி.வி. மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம்தான் வரைபடம்.

எட்டாம் படி: வயர் இழுப்பதும் இணைப்பதும்

பூச்சு உலர்ந்த பிறகு, கடைசிக் கோட் பெயிண்டுக்கு முன். பைப்பில் ஈரம் இருந்தால் துணி கட்டி இழுத்து உலர்த்த வேண்டும். இறுக்கமாக இருந்தால் முகப்பவுடர் போலொரு தூள் தடவலாம். எண்ணெயும் கிரீஸும் உறையைக் கெடுக்கும்.

பைப்புக்குள் ஜாயிண்ட் கூடாது. இது விலக்கே இல்லாத விதி. இணைப்பு எல்லாம் ஸ்விட்ச் பாக்ஸிலோ திறக்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸிலோ மட்டும்.

வீட்டு வயரிங்கில் தீ தொடங்கும் இடம் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன். அதை எம்.சி.பி. பிடிக்காது. ஏனென்றால் தளர்ந்த இணைப்பு தடையைக் கூட்டுகிறது. தடை கூடினால் ஆம்பியர் குறையத்தான் செய்யும், கூடாது. 3 கிலோவாட் கீசரின் 13 ஆம்பியர் ஓடும் சாக்கெட்டில் வெறும் அரை ஓம் தளர்வு இருந்தால் 13 × 13 × 0.5, அதாவது 84 வாட் சூடு அந்தச் சிறு திருகில் உருவாகும். சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பாகி, வாடை வந்து, பிறகு எரியும்.

எனவே உறையை உரிக்கும்போது ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. மெல்லிழை வயரை முறுக்கி மடித்தோ, முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) மாட்டி அழுத்தியோ திருக வேண்டும். ஒரு திருகுக்குள் இரண்டு வயருக்கு மேல் வேண்டாம். திருகியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். வீடு குடியேறி ஓரிரு மாதத்தில் மெயினை அணைத்துவிட்டு டி.பி. திருகுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். செம்பு சூடாகி ஆறும்போது கொஞ்சம் தளரும்.

ஸ்விட்ச் எப்போதும் பேஸில்தான். நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், எல்.இ.டி. மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கும். மூன்று பின் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல்.

ஒன்பதாம் படி: எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

எர்த் குழிக்கு 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும், ஒவ்வொரு மெட்டல் பாக்ஸுக்கும் எர்த் போக வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது வேண்டாம். இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக்.

நல்ல எர்த் இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எர்த்தின் தடை 5 ஓம். கீசரின் உடலில் பேஸ் பட்டால் ஓடுவது 230 ÷ 5 = 46 ஆம்பியர். கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. உடனே விழ 48 முதல் 80 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்கு அது பல நொடிகள் யோசிக்கும். அத்தனை நேரமும் கீசரைத் தொட்டால் ஷாக். குழி காய்ந்து தடை 20 ஓம் ஆனால் 11 ஆம்பியர்தான், எம்.சி.பி. விழவே விழாது.

ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி வேலை செய்கிறது. பேஸில் போன மின்சாரம் முழுக்க நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே அணைத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் வாங்க வேண்டும். 100, 300 எல்லாம் தீத்தடுப்புக்கு, மனித உயிருக்கு உதவாது. ஆனால் ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி., புது வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு ஏ டைப் ஆர்.சி.சி.பி. பொருத்தம், அவற்றின் கசிவு சாதாரண ஏ.சி. டைப் ஆர்.சி.சி.பி.க்குச் (இங்கே ஏ.சி. என்பது மாறுமின்னோட்டம், குளிர்சாதனம் அல்ல) சரியாகத் தெரியாமல் போகலாம்.

மும்முனை வீட்டுக்கு ஒரே நான்கு போல் ஆர்.சி.சி.பி.யைவிட, பேஸுக்கு ஒன்றாக மூன்று இரண்டு போல் ஆர்.சி.சி.பி. போடுவது மேல். செலவு கூடும்; ஆனால் ஓர் இடத்தில் கசிந்தால் வீடு முழுக்க அணையாது.

இங்கேதான் வயர்மேன்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் அதன் நியூட்ரல் தனி. தனி நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்களைத் திருகிச் சேர்க்கும் பட்டை) தனியாக நிற்க வேண்டும். ஒரு ஸ்விட்ச் போர்டில் இரண்டு லைன் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டால், ஒன்றில் போன மின்சாரம் இன்னொன்றில் திரும்பும், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் லைனிலும் இதே கதை. இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, ஃபேன்களுக்கு நியூட்ரலும் தனியாகவே இழுத்து, தனிப் பாரில் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்யாத வீட்டில் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்க, கடைசியில் யாரோ அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார்கள்.

சாக்கெட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் ஜம்பர் போட்டு இணைப்பது கொலைக்குச் சமம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடல் முழுக்க 230 வோல்ட்.

பத்தாம் படி: மின்சாரம் கொடுக்கும் முன்

மெயின் அணைந்த நிலையில், எந்த உபகரணமும் சொருகாமல், 500 வோல்ட் மெக்கரால் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பேஸ்–நியூட்ரல் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு லைனும் 1 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். புது வயர் இதைவிட மிகமிக அதிகம் காட்டும். 1 அல்லது 2 காட்டினால் எங்கோ ஆணி பட்டிருக்கிறது, அல்லது பைப்பில் ஈரம். எல்.இ.டி. விளக்குகளை மாட்டும் முன் இதைச் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை பழுதாகும். பிறகு ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் தொடர்ச்சி. பிறகு மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸ் வலப்பக்கம்தானா என்று. கடைசியாக ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தான். அந்தப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் பொறி அசையாமல் கிடந்தால் இறுகிவிடும்.

விழுந்தால் எப்படித் தேடுவது

எம்.சி.பி. உடனே டக்கென்று விழுந்தால் ஷார்ட். பத்து நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு, அல்லது எம்.சி.பி.யின் திருகே தளர்ந்து சூடாகிறது.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கீசர் எலிமெண்ட், மோட்டார், மழை நனைந்த வெளிவிளக்கு — சந்தேகம் இந்த வரிசையில். எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் பலர் ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒற்றைப் போல் எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் இன்னும் இணைந்தே இருக்கிறது. எங்கோ நியூட்ரல் எர்த்தில் பட்டுக்கொண்டிருந்தால் ஆர்.சி.சி.பி. அப்போதும் விழும். மெயினை அணைத்து, நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றித்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும், அதை வயர்மேனிடமே விடுங்கள்.

மும்முனை வீட்டில் ஒரு பக்க விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்து, இன்னொரு பக்கம் மங்கினால் மெயின் நியூட்ரல் அறுந்திருக்கிறது. வோல்டேஜ் ஒரு பேஸில் 230ஐத் தாண்டி 400 வரைகூட ஏறும். அப்போது எதையும் ஆராயாமல் மெயினை இறக்கிவிட்டு, பிறகு ஈ.பி.க்குச் சொல்லுங்கள்.